மூன்று தீக்குச்சிகள்

1943 நவம்பர் 28, தெஹ்ரான். இரவு உணவு முடிந்திருந்தது. உடல்நலம் சரியில்லாத ரூஸ்வெல்ட் முன்னதாகவே தன் அறைக்குப் போய்விட்டார். சர்ச்சிலும் ஸ்டாலினும் பேசிக்கொண்டிருந்தார்கள்; உடன் அவர்களுடைய வெளியுறவு அமைச்சர்கள் ஈடனும் மொலோடோவும். போலந்தின் எல்லை பற்றிப் பேச்சு வந்தபோது சர்ச்சில் மூன்று தீக்குச்சிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்கள் கட்டளை கேட்டு இடப்பக்கம் தள்ளி நிற்பதுபோல, குச்சிகளை மேற்கே நகர்த்திக் காட்டினார். போலந்தின் கிழக்குப் பகுதி சோவியத் யூனியனுக்கு; அந்த இழப்புக்கு ஈடாக ஜெர்மனியின் கிழக்குப் பகுதி போலந்துக்கு. ஸ்டாலினுக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது.

அந்த அறையில் போலந்துக்காரர் ஒருவரும் இல்லை. ஆனால் அதே காலத்தில், பிரிட்டனின் தலைமையில் போரிடுவதற்காக போலந்தின் இரண்டாம் படைப்பிரிவு இத்தாலிப் போர்முனைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோரின் சொந்த ஊர்கள் தீக்குச்சி நகர்ந்த கிழக்குப் போலந்தில் இருந்தன. அடுத்த மே மாதம் மோன்டே காசினோ மலையில் அவர்கள் கொடியேற்றினார்கள். எந்த ஊருக்குத் திரும்பிப் போவதற்காக அந்த மலையில் ஏறினார்களோ, அந்த ஊர் ஆறு மாதம் முன்பே கைமாறிப்போயிருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது.

சர்ச்சில்மேல் கோபப்படுவது எளிது. அன்றிரவு அவர் கையில் என்ன இருந்தது என்று கேட்டுப் பார்த்தால் அந்தக் கோபம் தடுமாறுகிறது. ஹிட்லரை வீழ்த்த ஸ்டாலினோடு சேர்ந்தது சரியா தவறா என்று ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் எண்பது ஆண்டுகளாகப் பதில் குழம்பிக் கிடக்கிறது என்று நினைக்கிறேன். கேட்க வேண்டியவை பல கேள்விகள். கொடுத்த விலையில் எது கொடுத்தே தீரவேண்டியிருந்தது? எது பேரம் பேசாமல் கொடுத்தது? எது, யாரும் வற்புறுத்தாத நிலையிலும் கொடுத்தது?

நடக்காததைக் கொண்டு நடந்ததை எடைபோடுவது ஆபத்தான வேலை. 1945இல் மூவரும் மீண்டும் கூடிய யால்டா மாநாட்டைத் துரோகம் என்பவர்கள் அதைச் செய்கிறார்கள்; வேறு வழியே இல்லை என்பவர்களும் செய்கிறார்கள். ‘வேறு வழி இல்லை’ என்பதும் ஒரு கற்பனைதான். மற்ற வழிகளையெல்லாம் மனதுக்குள் நடந்து பார்த்து, அவை முட்டுச்சந்தில் முடிவதைக் கண்டவர் மட்டுமே அதைச் சொல்ல முடியும். எனவே கற்பனைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். நாம் சொல்லும் மாற்றுவழி அன்றிருந்தவர்களே எண்ணிப்பார்த்ததா? நாம் ஒரு காயை நகர்த்தினால் எதிரில் இருப்பவருக்கும் நகர்த்த இடம் தருகிறோமா? அந்த வழியில் போனால் சாகப்போவது யார்? இவற்றைவிட நான் அதிகம் நம்புவது வேறொன்றை. அதே போரில், அதே ஸ்டாலினிடம், யாராவது உண்மையிலேயே ‘முடியாது’ என்று சொன்னார்களா, சொன்னபின் என்ன ஆயிற்று என்று தேடுவது. அப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் இருக்கின்றன. யால்டாவைப் பற்றிய சண்டையில் அவற்றுக்கு உரிய இடம் கிடைத்ததில்லை.

முதலில் கூட்டணியையே எடுத்துக்கொள்வோம். ஸ்டாலின் யார் என்பது 1941இல் எவருக்கும் தெரியாத செய்தி அல்ல. 1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரின் அரசோடு ஒப்பந்தம் செய்து, ரகசிய இணைப்பில் போலந்தையும் பால்டிக் நாடுகளையும் பங்கு போட்டுக்கொண்டவர் அவர். செப்டம்பர் 1 அன்று ஜெர்மன் படை மேற்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது. 17 அன்று செஞ்சேனை கிழக்கிலிருந்து நுழைந்தது. அடுத்த ஒன்றேமுக்கால் ஆண்டுக்கு சோவியத் தானியமும் எண்ணெயும் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டே இருந்தன. 1941 ஜூன் 22 அதிகாலை ஜெர்மனி படையெடுத்த வேளையில்கூடச் சரக்கு ரயில்கள் எல்லையைக் கடந்துகொண்டிருந்தன. அன்றிரவே சர்ச்சில் வானொலியில் ரஷ்யாவுக்கு உதவி அறிவித்தார்.

அவர் அறிவிக்காமல் இருந்திருந்தால்? இரண்டு கொடுங்கோலர்களும் மோதி ஓயட்டும் என்று ஒதுங்கியிருந்தால்? அப்படி நினைத்தவர்கள் லண்டனிலும் வாஷிங்டனிலும் இருந்தார்கள். ஆனால் ஓய்ந்து விழுவது இரண்டு கொடுங்கோலர்கள் அல்ல. ஜெர்மன் திட்டத்தில் சோவியத் நகரங்களின் கோடிக்கணக்கான மக்களைப் பட்டினியில் சாகவிடுவது கணக்கிட்டு எழுதப்பட்ட கொள்கை. லெனின்கிராடு முற்றுகையில் மட்டும் பத்து லட்சம் பேர் அளவுக்கு மாண்டார்கள். அந்தப் போரில் சோவியத் மக்கள் ஏறத்தாழ 2.7 கோடிப் பேர் இறந்தார்கள். ஜெர்மன் ராணுவச் சாவுகளில் நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் கிழக்கில் நிகழ்ந்தவை. அந்தப் போர்முனை சரிந்திருந்தால் போலந்தின் எல்லை எது என்ற கேள்விக்கே இடமிருந்திருக்காது. போலந்து மக்களே இருந்திருப்பார்களா என்பதுதான் கேள்வி. 1944 ஜூலையில் மைதானெக் வதைமுகாமின் கதவைத் திறந்ததும், 1945 ஜனவரி 27 அன்று ஆஷ்விட்சைத் திறந்ததும் செஞ்சேனைதான். கூட்டணி சரியானது. சகித்துக்கொள்ளத்தக்க தவறு என்றுகூட நான் அதைச் சொல்லமாட்டேன். சேராமல் இருந்திருந்தால் அதுவே குற்றம்.

அதன் முதல் விலையைக் கொடுத்தது ஈரான். ஜெர்மன் படையெடுப்புக்கு இரண்டு மாதம் கழித்து, 1941 ஆகஸ்ட் 25 அன்று, நடுநிலையில் இருந்த அந்த நாட்டுக்குள் வடக்கிலிருந்து சோவியத் படையும் தெற்கிலிருந்து பிரிட்டிஷ் படையும் நுழைந்தன. தெற்கிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். தங்கள் நாடே அந்நியர் கையில் இருக்க, இன்னொரு நாட்டை அந்நியருக்குப் பிடித்துக் கொடுக்க அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். ரெஸா ஷா செப்டம்பரில் முடிதுறந்தார். தீக்குச்சிகள் நகர்ந்த தெஹ்ரான் அப்படி ஆக்கிரமிக்கப்பட்ட தலைநகரம்.

சேர்ந்தது சரி என்றால், எந்த நிபந்தனையோடு என்பது அடுத்த கேள்வி. ஸ்டாலின் தன் வாழ்நாளிலேயே மிகவும் பலவீனமாக இருந்த மாதங்கள் 1941இன் கோடையும் இலையுதிர்காலமும். அப்போது அவரிடம் ஏதாவது கேட்டுப் பெற முடிந்ததா? முடிந்தது. பிரிட்டன் ஊக்குவித்ததால், லண்டனில் புலம்பெயர்ந்திருந்த போலந்து அரசின் பிரதமர் சிகோர்ஸ்கியும் சோவியத் தூதர் மைஸ்கியும் 1941 ஜூலை 30 அன்று ஒப்பந்தம் செய்தார்கள். எல்லைப் பிரச்சினை தீராமல் தள்ளிப்போடப்பட்டது. ஆனால் 1939க்குப் பிறகு சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டிருந்த போலந்து மக்களுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. முகாம்களிலிருந்து எலும்பும் தோலுமாக வெளிவந்தவர்களைக் கொண்டு ஜெனரல் ஆண்டர்ஸ் ஒரு படையைத் திரட்டினார். 1942இல் காஸ்பியன் கடலைக் கடந்து ஈரானுக்குள் வந்தவர்கள் படையினரும் பொதுமக்களுமாக ஏறத்தாழ 1,15,000 பேர். அனாதைக் குழந்தைகளில் நூற்றுக்கணக்கானோருக்கு நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி ஜாம்நகரை அடுத்த பாலாசடியில் இடம் கொடுத்தார். கோலாப்பூருக்கு அருகே வலிவடேயில் ஏறத்தாழ ஐயாயிரம் போலந்துக்காரர்கள் போர் முடிந்த பிறகும் வாழ்ந்தார்கள். அந்த உயிர்கள் பேரம் பேசியதால் மீண்ட உயிர்கள். ஸ்டாலினிடம் எதையும் கேட்க முடியாது என்பவர்களுக்கு என் முதல் மறுப்பு இவர்கள்தான்.

இரண்டாவது மறுப்பு அடுத்த ஆண்டில் கிடைக்கிறது. 1941 டிசம்பரில் ஈடன் மாஸ்கோ போனபோது, ஜெர்மன் படை நகரின் வாசலிலிருந்து அப்போதுதான் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் ஸ்டாலின் கேட்டது, ஹிட்லரோடு சேர்ந்திருந்த காலத்தில் பிடித்த நிலத்துக்கு அங்கீகாரம். பிரிட்டன் இழுத்தடித்தது, அமெரிக்கா கூடவே கூடாது என்றது. 1942 மே 26 அன்று கையெழுத்தான பிரிட்டிஷ்–சோவியத் ஒப்பந்தத்தில் எல்லை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஸ்டாலின் கூட்டணியை முறிக்கவில்லை. எல்லைகளைப் பலம் தீர்மானித்துக்கொள்ளும் என்ற பொருளில் மொலோடோவுக்குத் தந்தி அனுப்பிவிட்டு, கையெழுத்திடச் சொன்னார்.

அந்தத் தந்தி என்னை இரண்டு பக்கமும் இழுக்கிறது. ‘முடியாது’ என்பதை ஸ்டாலினால் தாங்கிக்கொள்ள முடியும் என்று அது காட்டுகிறது. காகிதத்தில் கிடைக்காததைப் படையால் எடுத்துக்கொள்வார் என்றும் காட்டுகிறது. இனி வரும் ஒவ்வொரு நிறுவையிலும் இந்த இரண்டையும் சேர்த்தே தட்டில் வைக்க வேண்டும். நிலத்தைப் பொறுத்தவரை அவருடைய பலம்தான் கடைசியில் பேசியது. ஆனால் மேற்கு நாடுகள் கொடுத்தது நிலம் மட்டுமல்லவே.

நிலத்தின் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் போர்முனையை 1942இலேயே திறக்கும்படி ஸ்டாலின் கேட்டார். அது திறந்தது 1944 ஜூன் 6 அன்று. 1943இல் பிரான்சில் இறங்கியிருந்தால் மேற்குப் படைகள் இன்னும் கிழக்கே போய்ச் சேர்ந்திருக்கும், ஐரோப்பாவின் கோடு வேறிடத்தில் விழுந்திருக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஜான் கிரிக் ஒரு முழு நூலே எழுதினார். எனக்கு அது உறுதிப்படவில்லை. அட்லான்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் கை ஒடிந்ததே 1943 மே மாதத்தில்தான். தரையிறங்கும் படகுகள் போதவில்லை. பிரான்சின் வானமும் இன்னும் வசப்படவில்லை. அந்த முயற்சி கடற்கரையிலேயே அழிந்திருந்தால் கோடு இன்னும் மேற்கே விழுந்திருக்கக்கூடும். தாமதத்துக்குப் போர்க்கலைக் காரணங்கள் இருந்தன. ஆனால் அதன் விளைவு ஒரு கடன். பிரிட்டனும் அமெரிக்காவும் போர் முழுவதிலும் இழந்த படையினர் இரண்டு நாட்டிலும் சேர்த்து எட்டு லட்சம் அளவில். சோவியத் படையினர் எண்பது லட்சத்துக்கும் மேல். தன் பிள்ளைகளுக்குப் பதில் அடுத்தவன் பிள்ளைகள் செத்த நிலத்தில் கோடு போடும் உரிமை சுருங்கித்தான் போகும். 1945 பிப்ரவரியில் யால்டாவில் மூவரும் கூடியபோது செஞ்சேனை ஓடர் ஆற்றங்கரையில், பெர்லினுக்கு எழுபது கிலோமீட்டர் தொலைவில் நின்றது. அந்த மேசையில் போலந்தை இழந்தார்கள் என்பது மிகை. அது முன்பே போய்விட்டிருந்தது.

சண்டையிட்டு மீட்டிருக்கலாமா? சர்ச்சிலே கேட்டுப் பார்த்தார். 1945 மே மாதம் அவருடைய திட்டமிடுநர்கள் சோவியத் யூனியனைத் தாக்குவது பற்றி அறிக்கை தயாரித்தார்கள். தோற்ற ஜெர்மன் சிப்பாய்களுக்கே மீண்டும் ஆயுதம் கொடுப்பதும் அதில் இருந்தது. நடக்காது என்று தளபதிகள் சொன்னார்கள். ஆறு ஆண்டு ரத்தத்துக்குப் பிறகு இன்னொரு போரை மக்கள்மேல் ஏற்றுவதை எந்த நியாயத்தாலும் தாங்க முடியாது. இந்த மாற்றுவழியை நான் மேலும் நிறுக்கப்போவதில்லை.

ஆக, நிலத்தின் பெரும்பகுதி கொடுத்தே தீரவேண்டியிருந்த விலை. இந்தத் தீர்ப்போடு நிறுத்திக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நிலம் போனதைக் காட்டி, கூடவே போன மற்றதையெல்லாம் அவர்கள் அதே கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

கத்தின் காட்டைப் பார்ப்போம். 1940 மார்ச் 5 அன்று ஸ்டாலினும் அவருடைய அரசியல் குழுவினரும் ஒரு முடிவில் கையெழுத்திட்டார்கள். அதன்படி அடுத்த இரண்டு மாதங்களில் போலந்தின் படை அதிகாரிகள், காவலர்கள், படித்தவர்கள் என ஏறத்தாழ 22,000 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கோசெல்ஸ்க் முகாமிலிருந்தவர்கள் ஸ்மோலென்ஸ்க் அருகே கத்தின் காட்டில் புதைக்கப்பட்டார்கள். புதைகுழிகளின்மேல் ஊசியிலை மரக்கன்றுகள் நடப்பட்டன. 1943 ஏப்ரல் 13 அன்று ஜெர்மன் வானொலி அந்தக் குழிகளை உலகுக்கு அறிவித்தது. அறிவித்தவர்கள் லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்றுகொண்டிருந்தவர்கள். உண்மை பொய்யரின் வாயிலிருந்து வந்தது. சிகோர்ஸ்கியின் அரசு சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் விசாரிக்கட்டும் என்று கேட்டது. அதையே காரணமாகக் காட்டி ஸ்டாலின் ஏப்ரல் 25 அன்று போலந்து அரசோடு உறவை முறித்தார்.

போலந்து அரசுக்கான பிரிட்டிஷ் தூதர் ஓவன் ஓமாலி சான்றுகளைத் திரட்டி மே 24 அன்று ஈடனுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். 1940 வசந்தத்தோடு அந்தக் கைதிகளிடமிருந்து கடிதங்கள் நின்றுபோனதிலிருந்து மரக்கன்றுகளின் வயது வரை அவர் நிறுத்துப் பார்த்தார். குற்றம் ரஷ்யர்கள்மேல்தான் சாய்கிறது என்றார். அத்தோடு நிற்கவில்லை. கொலைகாரர்கள் குழியை மறைக்க மரக்கன்றுகளைப் பயன்படுத்தியதுபோல, நாம் இங்கிலாந்தின் நற்பெயரைப் பயன்படுத்தி மறைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் தன் அமைச்சருக்கே எழுதினார். இந்தப் போர் ஆவணங்களில் இதைவிட நேர்மையான பக்கங்களை நான் அறியேன். வெளியுறவுத் துறையின் நிரந்தரச் செயலர் கடோகன் அதைப் படித்துவிட்டு, தான் இதுவரை அந்தப் பக்கம் பார்க்காமல் கோழையைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததாகக் குறிப்பெழுதினார். சர்ச்சில் ஆகஸ்டில் ஒரு படியை ரூஸ்வெல்ட்டுக்கு அனுப்பி, படித்ததும் திருப்பி அனுப்பச் சொன்னார்.

இங்கே நியாயமாக இருக்க வேண்டும். 1943 ஏப்ரலில் பிரிட்டன் எழுந்து நின்று ஸ்டாலினைக் கொலைகாரர் என்று அறிவித்திருக்க வேண்டுமா? ஸ்டாலின்கிராடு வெற்றி கிடைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. குர்ஸ்க் சண்டை இன்னும் வரவில்லை. ஸ்டாலின் ஹிட்லரோடு தனியாகச் சமாதானம் பேசிவிடுவார் என்ற அச்சம் முற்றிலும் பொய்யான அச்சம் அல்ல. வாயை மூடிக்கொண்டது எனக்குப் புரிகிறது. ஆனால் மௌனத்துக்கும் பொய்க்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டும்படி ஸ்டாலினின் பலம் அவர்களைத் தள்ளவில்லை. ஜெர்மனி பிடித்துவைத்திருக்கும் இடத்தில் செஞ்சிலுவை விசாரணை நடப்பதை வன்மையாக எதிர்ப்போம் என்று சர்ச்சிலே ஸ்டாலினுக்குத் தந்தி அடித்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் போய், கோரிக்கையைக் கைவிடச் சொல்லி நெருக்கினார். கேட்டவர்களைக் கண்டிக்காமல் மௌனமாக இருப்பது அன்று இயலாத காரியமா? அதற்காக ஸ்டாலின் போரை நிறுத்தியிருப்பாரா? தனக்கு வந்துகொண்டிருந்த உதவியை அவர் உதறியிருப்பார் என்று நம்ப என்னால் முடியவில்லை. போர் முழுவதிலும் அமெரிக்காவிலிருந்து அவருக்குக் கிடைத்த வாகனங்கள் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேல். உணவு நாற்பது லட்சம் டன்னுக்கும் மேல்.

‘போரின் தேவை’ என்ற வாதத்தின் உண்மையான சோதனை, தேவை தீர்ந்தபின் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநரும் ரூஸ்வெல்ட்டின் சிறப்புத் தூதருமான ஜார்ஜ் ஏர்ல், சான்றுகளை வெளியிடப்போவதாக 1945 மார்ச்சில் எழுதினார். மேற்குப் படைகள் ரைன் நதியைக் கடந்துகொண்டிருந்த நேரம் அது. ஹிட்லரின் தோல்வி வாரக் கணக்கில் இருந்தது. ரூஸ்வெல்ட் தடை விதித்தார். ஏர்ல் பசிபிக் கடலில் சமோவாவுக்கு மாற்றப்பட்டார். அமெரிக்கக் கர்னல் வான் விளீட் போர்க்கைதியாக இருந்தபோது ஜெர்மானியர்களால் கத்தினுக்கு அழைத்துச் செல்லப்பட்டு உடல்களைப் பார்த்தவர். கொன்றவர்கள் ரஷ்யர்கள்தான் என்று 1945 மே மாதம், ஜெர்மனி சரணடைந்த பிறகு, அவர் கொடுத்த அறிக்கை பரம ரகசியம் என்று முத்திரையிடப்பட்டு, பிறகு காணாமலே போயிற்று. ஜப்பானோடு போர் மிச்சமிருந்தது, ரஷ்யா அதில் இறங்க வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் மஞ்சூரியாவும் தென் சகாலினும் குரில் தீவுகளும் ஸ்டாலினுக்காகக் காத்திருந்தன. ஒரு கர்னலின் அறிக்கைக்காக அவற்றை அவர் விட்டுக்கொடுத்திருப்பார் என்று வாதிட யார் துணிவார்கள்?

வார்சாவில் கணக்கு இன்னும் கடினம். 1944 ஆகஸ்ட் 1 அன்று போலந்தின் தலைமறைவுப் படை நகரில் எழுந்தது. 63 நாள் சண்டையிட்டது. குடிமக்கள் ஒன்றரை லட்சம் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். செஞ்சேனை விஸ்துலா நதியை நெருங்கி நின்றது. முதல் நாட்களில் ஜெர்மன் டாங்கிகளின் எதிர்த்தாக்குதல் அதை உண்மையிலேயே தடுத்தது. அதை மறைத்து எழுதுவது சரியல்ல. ஆனால் மேற்கிலிருந்து வரும் விமானங்கள் ஆயுதங்களைப் போட்டுவிட்டு சோவியத் தளங்களில் இறங்க அனுமதி மறுத்தது ஜெர்மன் டாங்கிகள் அல்ல. அமெரிக்க விமானங்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த பொல்தாவா தளமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எழுச்சியாளர்களைக் குற்றவாளிக் கும்பல் என்றார் ஸ்டாலின்.

சர்ச்சில் ஒரு மாற்றுவழியை முன்வைத்தார்: விமானங்களை அனுப்புவோம், அனுமதி கேட்காமல் இறங்குவோம், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஆகஸ்ட் 26 அன்று ரூஸ்வெல்ட் மறுத்தார். பொதுப் போரின் நீண்டகால நலனுக்கு அது உகந்ததல்ல என்பது அவர் சொன்ன காரணம். ஜப்பானைத் தாக்க சைபீரியாவில் தளங்கள் வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. மாஸ்கோவிலிருந்த தூதர் ஹாரிமனும் அவருடைய துணைவர் ஜார்ஜ் கென்னனும் இதுதான் ஸ்டாலினோடு நேருக்கு நேர் நிற்க வேண்டிய தருணம் என்று கருதினார்கள்.

நின்றிருந்தால் வார்சா பிழைத்திருக்குமா? பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். வானிலிருந்து விழும் பெட்டிகள் ஒரு நகரத்தைக் காப்பாற்றிவிடாது. எழுச்சி இன்னும் இரண்டு வாரம் நீண்டு சாவு கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. உதவியை நிறுத்தி நெருக்கியிருக்கலாம் என்பவர்கள், செஞ்சேனை ஒரு மாதம் பிந்தினால் வதைமுகாம்களில் அந்த ஒரு மாதத்தை யார் கழித்திருப்பார்கள் என்பதையும் எண்ண வேண்டும். ஆனாலும் செப்டம்பரில் நடந்ததை மறக்க முடியாது. உலகக் கண்டனம் கூடியதும் ஸ்டாலினே மனம் மாறி அனுமதித்தார். 18 அன்று நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் வார்சாவின்மேல் பறந்து பொல்தாவாவில் இறங்கின. அதற்குள் நகரின் பெரும்பகுதி ஜெர்மானியர் வசமாகியிருந்தது. பெட்டிகளில் பெரும்பாலானவை அவர்கள் கையில் விழுந்தன. மூன்று வாரம் முன்பு நெருக்கியிருந்தால் மூன்று வாரம் முன்பு கிடைத்திருக்கலாம். ரூஸ்வெல்ட்டின் மறுப்பைக் கொலைக்குத் துணைபோனதாக நான் சொல்லமாட்டேன். முயன்று பார்க்க வேண்டியதை முயலவில்லை, அதற்குச் சொன்ன காரணம் போதாது என்பது என் தீர்ப்பு. சைபீரியத் தளங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.

யால்டாவின் அறிக்கைகளில் நான் அதிகம் தங்கப்போவதில்லை. சுதந்திரமான தேர்தல் என்று எழுதினார்கள். 1947 ஜனவரியில் நடந்த தேர்தல் மோசடி. கையெழுத்திடாமல் இருந்திருந்தால் போலந்தில் ஒரு சிப்பாய்கூடக் குறைந்திருக்கமாட்டான். அப்படியானால் கையெழுத்து வெறும் சடங்கா? இங்கே பால்டிக் நாடுகள் நமக்கு ஒரு நிஜமான சோதனையைத் தருகின்றன. எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியாவை ஸ்டாலின் விழுங்கியதை ஏற்கமாட்டோம் என்று 1940 ஜூலை 23 அன்று அமெரிக்க வெளியுறவுத் துணைச் செயலர் சம்னர் வெல்ஸ் அறிவித்தார். அமெரிக்கா பிறகு ஸ்டாலினின் கூட்டாளி ஆயிற்று. லாரியும் உணவும் அனுப்பியது. தெஹ்ரானில் ரூஸ்வெல்ட் தனியே ஸ்டாலினிடம் இதற்காகச் சண்டைக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். ஆனாலும் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்படவில்லை. கூட்டணியும் முறியவில்லை. மூன்று நாடுகளின் தூதரகங்கள் அமெரிக்காவில் மூடப்படாமல் இருந்தன. 1991இல் அந்த நாடுகள் புதிதாகப் பிறக்கவில்லை, தொடர்ந்தன. ஒப்புதல் தராத கூட்டணி இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கடைசியாக, மனிதர்கள். யால்டாவில் 1945 பிப்ரவரி 11 அன்று கையெழுத்தான இன்னொரு ஒப்பந்தம் மீட்கப்பட்ட கைதிகளையும் குடிமக்களையும் பரிமாறிக்கொள்வது பற்றியது. செஞ்சேனை மீட்ட முகாம்களில் ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ், அமெரிக்கக் கைதிகள் இருந்தார்கள். அவர்கள் வீடு திரும்ப வேண்டும் என்ற கவலை உண்மையானது. ஆஸ்திரியாவின் லியென்ஸ் அருகே பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்திருந்த கொசாக்குகள் ஜெர்மன் பக்கம் நின்று போரிட்டவர்கள். அவர்களில் சிலர் கைகளில் ரத்தம் இருந்தது. அதைச் சொல்லாமல் அவர்களுக்காக வாதாடமாட்டேன். 1945 மே 28 அன்று பீல்டு மார்ஷல் அலெக்சாண்டரைச் சந்திக்கப் போகிறோம் என்று சொல்லி அதிகாரிகளை வண்டியேற்றி, சோவியத்துகளிடம் ஒப்படைத்தார்கள். ஜூன் 1 அன்று மற்றவர்கள். திறந்தவெளியில் வழிபாடு நடத்திக்கொண்டிருந்த கூட்டத்தைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து லாரிகளில் ஏற்றினார்கள். பெண்களும் குழந்தைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சிலர் ட்ராவ் ஆற்றில் குதித்தார்கள். ஒப்படைக்கப்பட்டவர்களில் 1920லேயே ரஷ்யாவை விட்டு வெளியேறிய முதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒருநாளும் சோவியத் குடிமக்களாக இருந்ததில்லை. யால்டா ஒப்பந்தமே அவர்களைக் கேட்கவில்லை.

அதே மே மாதம் ஜெர்மன் சீருடையில் இருந்த ரஷ்யர்கள் ஐந்நூறு பேர் அளவில் லீக்டன்ஸ்டைன் எல்லைக்குள் நுழைந்து அடைக்கலம் கேட்டார்கள். ராணுவமே இல்லாத நாடு அது. சோவியத் குழு வந்து கேட்டது. விரும்பியவர்கள் போகலாம், யாரையும் வற்புறுத்தி அனுப்பமாட்டோம் என்றது அந்த நாடு. சிலர் போனார்கள், மற்றவர்களைச் சோறுபோட்டு வைத்திருந்து, பிறகு அர்ஜென்டினாவுக்கு அனுப்பியது. லீக்டன்ஸ்டைனுக்கு ரஷ்யர் கையில் கைதிகள் யாரும் இல்லை, எனவே ஒப்பீடு சரிசமம் அல்ல; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தம் கேட்காத கிழவர்களைக்கூடக் கணக்குச் சேர்த்து ஒப்படைக்க வேண்டிய கட்டாயம், உலகின் மிகப்பெரிய பேரரசுக்கு எங்கிருந்து வந்தது? ஜெர்மனி வீழ்ந்துவிட்டிருந்தது. அன்று அந்தப் பள்ளத்தாக்கில் வெல்ல வேண்டிய போர் எதுவும் மிச்சமில்லை. கூட்டணியின் கணக்கில் நான் மன்னிக்க மறுப்பது இதை. பழக்கமாகிவிட்ட பணிவு அது. தேவை என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

இப்போது தீக்குச்சிகளுக்குத் திரும்பி வந்தால், சர்ச்சில்மேல் எனக்கிருந்த கோபம் இடம் மாறியிருக்கிறது. எல்லையை நகர்த்தியதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன். அந்த எல்லையைப் படைகள் எப்படியும் நகர்த்தியிருக்கும். அதை இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்த சிப்பாய்களிடமிருந்து மறைத்ததற்காக ஏற்றுவேன். அதில் ரூஸ்வெல்ட்டுக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் லட்சக்கணக்கான போலந்து வம்சாவளி வாக்குகளை இழக்க விரும்பாததால் 1944 தேர்தல் முடியும்வரை வெளிப்படையாகப் பேச இயலாது என்று அவர் தெஹ்ரானில் ஸ்டாலினிடம் சொன்னார். 1944 அக்டோபரில் மாஸ்கோவில் மொலோடோவ் வாயிலிருந்துதான் போலந்தின் அப்போதைய பிரதமர் மிக்கோலாய்சிக், எல்லை தெஹ்ரானிலேயே முடிவாகிவிட்டது என்ற செய்தியை முதன்முதலில் கேட்டார். நிலம் பலத்தால் போயிற்று. உண்மையும் மனிதர்களும் பலத்தால் போகவில்லை. அவற்றைக் கையில் வைத்திருந்தவர்கள் கொடுத்தார்கள். 1942இன் ஒப்பந்தமும் பால்டிக் அறிவிப்பும் இருக்கும்வரை, கொடுக்காமல் இருந்தால் எல்லாம் போயிருக்கும் என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன்.

1976இல் லண்டனின் கன்னர்ஸ்பரி கல்லறைத் தோட்டத்தில் போலந்துக்காரர்கள் கத்தினுக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். ‘கத்தின் 1940’ என்று கல்லில் வெட்டினார்கள். 1941 என்று வெட்டினால் கொன்றவர்கள் ஜெர்மானியர்கள்; 1940 என்றால் ரஷ்யர்கள். ஸ்டாலின் இறந்து இருபத்துமூன்று ஆண்டு ஆகியிருந்தது. திறப்பு நாளில் பிரிட்டிஷ் அரசு தன் சார்பில் ஒருவரையும் அங்கே அனுப்பவில்லை.